ஆன்ட்டிஃபீடன்ட்: ‘உண்மறுப்பி’யா, ‘தீனித்தடுப்பி’யா?

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்கு ‘ஆன்ட்டிஃபீடன்ட்’ (antifeedant, பூச்சியைத் தின்னவிடாமல் தடுக்கும் பொருள்) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதுபற்றி நீங்கள் எழுதியது:

> தானியச் சேமிப்பில் பயன்படும் தாவரச் சாறுகளுக்கெல்லாம் ‘பூச்சிவிரட்டி’ என்ற ஒரே சொல் போதும். ஆன்ட்டிஃபீடன்ட்டுக்குத் தனிச்சொல் வேண்டுமென்றால் ‘உண்மறுப்பி’ எனலாம்.

இரண்டுமே ஒத்துவரவில்லை ஐயா.

விரட்டி இருந்தால் பூச்சி அண்டாது. ஆன்ட்டிஃபீடன்ட் அப்படியில்லை. பூச்சி வரும், உட்காரும், ஒரு கடி கடித்துப் பார்க்கும், அதோடு நிறுத்திக்கொள்ளும். பல நேரம் அங்கேயே சுற்றிச்சுற்றிப் பட்டினியில் சாகும். 1959-ல் சூடானில் வெட்டுக்கிளிகள் வேப்பமரங்களில் இறங்கியும் இலையைத் தின்னாமல் கிளம்பியதை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கவனித்தார். வந்து இறங்கிவிட்டனவே, வேம்பை எப்படி விரட்டி என்பது? 1968-ல் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தபோதும், வெட்டுக்கிளி தின்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் சோதித்தார்கள்.

‘மறுப்பி’யில் இலக்கணமே இடிக்கிறது. கொல்லி கொல்கிறது, விரட்டி விரட்டுகிறது. இங்கே மறுப்பது மருந்தா? பூச்சியல்லவா! ‘ஊண்தடுப்பி’ என்று முன்பு வந்த பரிந்துரையில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் பலர் காதில் ‘ஊன்’ (இறைச்சி) என்றே விழும்.

என் பரிந்துரை ‘தீனித்தடுப்பி’. கூன்வண்டு தானியத்தைக் கொறிப்பதற்குத் ‘தீனி’ கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரு எச்சரிக்கை. பயறு வண்டு பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் போட்டுவிட வேண்டாம். வளர்ந்த வண்டு சேமிப்பில் பயற்றைத் தின்பதே இல்லை. மேல்தோலில் முட்டையை ஒட்டிவைப்பதோடு சரி. பொரிக்கிற புழு வெளியே தலைகாட்டாமல், முட்டையின் அடிப்பக்கமாகவே துளைத்துப் பயற்றுக்குள் போய்விடும். வேப்பெண்ணெய் பூசிய பயற்றில் முட்டை சரியாக ஒட்டாது, ஒட்டினாலும் காற்றில்லாமல் உள்ளேயே செத்துவிடும். இது முட்டைக்கொல்லி. வண்டை முட்டையிடவே விடாவிட்டால் முட்டையிடல் தடுப்பி. ஒரே எண்ணெய்க்கு இத்தனை பெயரா என்றால், ஆமாம். நாம் பெயர் வைப்பது அது செய்யும் வேலைக்கு.

—

> ‘தீனித்தடுப்பி’

‘விரட்டி’ போதும் என்று எழுதியவன் நான்தான். வெட்டுக்கிளி விளக்கத்துக்குப் பிறகு அதை வலியுறுத்தவில்லை. ‘தீனி’ கால்நடைத் துறையோடு மோதுமோ என்று யோசித்தேன். அங்கே எழுத்தில் ‘தீவனம்’தான் புழங்குகிறது, சரி. தீனித்தடுப்புத் திறன், தீனித்தடுப்புச் சோதனை என்று கிளைச்சொற்களும் தடங்கலின்றி வருகின்றன. பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், ஃப்யூமிகன்ட்டுக்கு (fumigant, ஆவியாகவோ வாயுவாகவோ பரவிப் பூச்சியைக் கொல்லும் மருந்து) தனி இழை தொடங்க வேண்டும். யூகலிப்டஸ் எண்ணெய் ஆவியாகப் பரவி, வண்டின் மூச்சுத்துளை வழியே உள்ளே போய்க் கொல்கிறது. எரிப்பதும் இல்லை, புகைவதும் இல்லை. அதைப் ‘புகையூட்டி’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். ‘ஆவிக்கொல்லி’ எப்படி?