ஆபீஸில் எல்லோரும் பேசுகிற அந்தக் கோர்பின் யார்?

லண்டனில் ஆர்ச்வே ஸ்டேஷன் பக்கம் வீடு கிடைத்தது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கோர்பினை வைத்துச் சண்டை போடுகிறார்கள், யார் அவர் என்று கேட்ட தம்பிக்கு. அனேகமாக அவர்தான் இனி உங்கள் எம்பி. போஸ்ட்கோடைப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள், இங்கே தெரு தாண்டினால் தொகுதி மாறிவிடும்.

ஜெரமி கோர்பின் 1983-ல் இஸ்லிங்டன் நார்த் தொகுதியில் தொழிற்கட்சி (லேபர்) சார்பில் ஜெயித்தவர், இன்னமும் அங்கேதான் இருக்கிறார். அதற்கு முன்னால் தொழிற்சங்க வேலை, லண்டனின் ஹாரிங்கே பகுதியில் கவுன்சிலர் பதவி. டோனி பிளேரும் அதே 1983-ல்தான் முதல்முறை உள்ளே போனார். அவர் பிரதமரானார், இவர் பின்வரிசையில் உட்கார்ந்து சொந்தக் கட்சி அரசுக்கு எதிராகவே நூற்றுக்கணக்கான தடவை ஓட்டுப் போட்டார், 2003 இராக் போர் உட்பட. 1984-ல் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன்னால் நிறவெறிக்கு எதிராக நின்று கைதானவர். ஈழத் தமிழர்களுக்காகவும் பல வருஷம் நாடாளுமன்றத்தில் பேசியிருக்கிறார், அதனால் நம் பெரியவர்கள் பலருக்கு அவர் பெயர் பழக்கம்.

2015-ல்தான் வேடிக்கை. கட்சித் தலைவர் போட்டிக்கு 35 எம்பிக்கள் முன்மொழிய வேண்டும், கடைசி நிமிஷத்தில் 36 பேர் சேர்ந்தார்கள், அதில் சிலர் விவாதத்துக்கு ஒரு இடதுசாரியும் இருக்கட்டுமே என்று கையெழுத்துப் போட்டவர்கள். செப்டம்பரில் பெட்டியைத் திறந்தால் 59.5 சதவீதம்! அடுத்த வருஷமே அவருடைய எம்பிக்கள் 172-க்கு 40 என்று நம்பிக்கையில்லை என்றார்கள், உறுப்பினர்கள் மறுபடி அவரையே உட்கார வைத்தார்கள். 2017-ல் 40 சதவீத ஓட்டு வாங்கி பிரதமர் தெரசா மேயின் பெரும்பான்மையைப் பறித்தார். 2019-ல் 202 இடம், 1935-க்குப் பிறகு கட்சிக்கு இவ்வளவு மோசமான கணக்கு இல்லை. பிரெக்ஸிட்டில் (ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவது) இரண்டு பக்கமும் கால் வைத்ததும், கட்சிக்குள் யூத வெறுப்புப் புகார்களைக் கையாண்ட விதமும் அவரைக் கவிழ்த்தன என்பது என் எண்ணம். 2020-ல் கட்சி இடைநீக்கம் செய்தது. 2024-ல் சுயேச்சையாக நின்று பழைய கட்சியையே 7,247 ஓட்டில் தோற்கடித்தார். 2025-ல், தொழிற்கட்சியை விட்டு வந்த எம்பி ஜாரா சுல்தானாவோடு சேர்ந்து புதுக்கட்சி. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள், முதல் மாதமே கருத்துச் சொல்லாதீர்கள்.

கட்சி கைவிட்டும் தொகுதி ஏன் விடவில்லை என்றால், நாற்பது வருஷமாக வாடகை, பென்ஷன், விசா என்று ஜனங்கள் கொண்டுபோன காகிதங்கள்தான் பெரிய காரணம் என்பேன். எம்பி மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு இங்கே சர்ஜரி என்று பெயர், டாக்டர் கிளினிக்குக்கும் அதே பெயர், குழம்ப வேண்டாம். அவருக்கு ஓட்டுப் போட்டிருக்க வேண்டியதில்லை, தொகுதியில் குடியிருந்தால் போதும். என் மனைவியின் விசா மாதக்கணக்கில் கிடந்தபோது எங்கள் எம்பிக்கு (வேறு தொகுதி, வேறு கட்சி) மெயில் போட்டேன், அவர் அலுவலகம் ஹோம் ஆபீஸுக்கு (விசாவைக் கவனிக்கும் உள்துறை) எழுதிய பிறகுதான் ஃபைல் எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்தது. மெயிலில் முழு முகவரியும் போஸ்ட்கோடும் போடுங்கள், இல்லாவிட்டால் முதல் பதிலே அதைக் கேட்டுத்தான் வரும்.

அப்புறம் ஓட்டு. இந்திய, இலங்கை, மலேசியப் பாஸ்போர்ட் வைத்து முறையான விசாவில் இங்கே வசிக்கும் 18 வயதானவர்கள் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம், காமன்வெல்த் நாடு என்பதால். பிரெஞ்சு, ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு வந்த நம் ஆட்களுக்கு அது கிடையாது. பெயரை ஆன்லைனில் பதியலாம், ஐந்து நிமிஷ வேலை. வாக்குச்சாவடிக்குப் போகும்போது உங்கள் ஊர்ப் பாஸ்போர்ட்டையே காட்டலாம்.