அமைச்சரை நீக்கிவிட்டால் போதுமா? டிரினிடாட் கதையை வைத்து ஒரு சண்டை

கடலோடி:
டிரினிடாட் அண்ட் டொபேகோ, மொத்தமே சுமார் 14 லட்சம் பேர் உள்ள கரீபியன் நாடு. அங்கே புகார் முற்றினால் அமைச்சர் பதவி போய்விடுகிறது, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். கம்லா பெர்சாத்-பிசேசர் 2010-லிருந்து 2015 வரை பிரதமராக இருந்த காலத்தை மட்டும் எடுங்கள். 2012-ல் நீதி அமைச்சர் ஹெர்பர்ட் வோல்னியை நீக்கினார். 2013-ல் இன்னொரு அமைச்சர் ஜாக் வார்னர் ராஜினாமா. 2015 பிப்ரவரியில் அட்டர்னி ஜெனரலையே (அங்கே அதுவும் அமைச்சர் பதவிதான்) வீட்டுக்கு அனுப்பினார். சொந்தக் கட்சிக்காரர்கள் மேலேயே கை வைக்கிற துணிச்சல் எத்தனை நாட்டில் இருக்கிறது?

மணிக்கூண்டு:
பதவி போனது சரி. உள்ளே போனது யார்? ஒரு பேர் சொல்லுங்கள் பார்ப்போம்.

பியார்கோ விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புது முனையம் கட்டியது பிரதமர் பாஸ்தியோ பாண்டே ஆட்சியில், திறந்தது 2001-ல். டெண்டரில் கூட்டுச் சதி, கமிஷன் என்று முன்னாள் நிதி அமைச்சர் பிரையன் குவே டங் மேலும் தொழிலதிபர்கள் மேலும் வழக்கு போட்டார்கள். வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்னால் நடக்கிற முதல்கட்ட விசாரணையே வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2022-ல் லண்டன் பிரிவி கவுன்சில் (அந்த நாட்டுக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதுதான்), முதல்கட்ட விசாரணை நடத்திய மாஜிஸ்திரேட் நடுநிலையாக இருந்தார் என்று நம்ப முடியாது என்று சொல்லி அவர் எடுத்த முடிவையே ரத்து செய்துவிட்டது. இருபது வருஷம், பூஜ்யம். இதில் துணிச்சல் எங்கே இருக்கிறது?

கடலோடி:
நீதிமன்றம் சொதப்பினால் அதற்குப் பிரதமர் என்ன செய்வார் நண்பரே? அவர் கையில் இருப்பது அமைச்சரவை மட்டும்தான், அதை அவர் சுத்தம் செய்தார். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

வக்கீல் குமாஸ்தா:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கடலோடி சார் வோல்னி நீக்கத்தைப் பெருமையாகச் சொல்கிறார், அந்த நீக்கம் எதனால் வந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

2011 கடைசியில் ஒரு சட்டம் நிறைவேறியது, குற்ற வழக்குகளை வேகப்படுத்த. அதில் 34-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், சம்பவம் நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் விசாரணை தொடங்கவில்லை என்றால் குற்றம்சாட்டப்பட்டவர் தன்னை விடுவிக்கச் சொல்லி மனு போடலாம், நீதிபதி விடுவிக்கலாம் (கொலை மாதிரி சிலவற்றுக்கு விலக்கு உண்டு). கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் பெரும்பகுதி அமலுக்கு வராமலேயே இருக்க, இந்தப் பிரிவை மட்டும் தூக்கி 2012 ஆகஸ்ட் 31 அன்று அமல்படுத்தினார்கள். அன்றைக்கு என்ன நாள் தெரியுமா? நாட்டின் 50-வது சுதந்திர தினம். ஊரே கொடி, அணிவகுப்பு, வாண வேடிக்கை என்று இருக்கும்போது சத்தமே இல்லாமல் அறிவிப்பு. அடுத்த சில நாட்களில் மனுவோடு வந்து நின்றது யார்? பியார்கோ வழக்கின் ஆட்கள்!

ஊர் கொந்தளித்தது, இரண்டு வாரத்துக்குள் பாராளுமன்றத்தைக் கூட்டி அந்தப் பிரிவை ரத்து செய்தார்கள். தலைமை நீதிபதிக்கும் இதில் சம்மதம் என்று அமைச்சரவையிடம் தவறாகச் சொன்னார் என்பதுதான் வோல்னி மேல் பிரதமர் வைத்த காரணம். வோல்னி அரசியலுக்கு வருவதற்கு முன்னால் உயர்நீதிமன்ற நீதிபதி, அதையும் சேர்த்துப் படியுங்கள். அமைச்சரவை ஒப்புதல் இல்லாமலா அது அமலுக்கு வந்தது? பழி மட்டும் ஒருத்தர் தலையில்.

கடலோடி:
குமாஸ்தா அண்ணே, பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிட்டீர்களே. அந்தச் சட்டத்துக்கு எதிர்க்கட்சியான பிஎன்எம்-மும் சேர்ந்துதான் ஓட்டுப் போட்டது. யாருமே எதிர்க்கவில்லை. அப்புறம் தெருவில் இறங்கிக் கத்தினார்கள்.

வக்கீல் குமாஸ்தா:
உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓட்டுப் போட்டது சட்டத்துக்கு. ஒரு பிரிவை மட்டும் உருவி முன்கூட்டியே அமல்படுத்தச் சொல்லி எந்த எதிர்க்கட்சியும் ஓட்டுப் போடவில்லை.

தெற்குவாசல்:
எல்லோரும் பாண்டே, கம்லா என்றே பேசுகிறீர்கள். இந்திய வம்சாவளி ஆட்சி வந்தால்தான் ஊழல் கண்ணுக்குத் தெரியுமா? பாண்டே மாதிரி ஒரு மனிதரை லண்டன் வங்கிக் கணக்கைக் காட்டவில்லை என்று சொல்லி 2006-ல் இரண்டு வருஷம் தண்டித்தார்களே, அது பழிவாங்கல் இல்லாமல் என்ன? நம் ஆட்களும் மதராஸிலிருந்து கப்பலேறிப் போன மண் அது.

பேனாக்காரி:
தெற்குவாசல், கப்பலேறியவர்களின் பேரைச் சொல்லி வங்கிக் கணக்கை மறைக்காதீர்கள். மதராஸிலிருந்து போனவர்கள் கொஞ்சம் பேர், பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போனவர்கள். அது இருக்கட்டும். நேர்மை ஆணையத்துக்குச் சொத்துக் கணக்கு கொடுப்பது சட்டம், யாராக இருந்தாலும் கொடுக்கணும்.

பிஎன்எம் பக்கம் சுத்தம் என்று யார் சொன்னது? அவர்களுடைய அமைச்சர் மார்லின் மெக்டொனால்டைப் பாருங்கள். பிஎன்எம் பிரதமர் கீத் ரௌலி அவரை 2016-ல் நீக்கினார். 2017-ல் திரும்பச் சேர்த்தார். பதவிப் பிரமாணத்துக்கு மார்லின் தன்னோடு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார், அந்த ஆளின் பின்னணியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுத, சில நாளிலேயே மறுபடி நீக்கம். அதற்கப்புறமும் இன்னொரு துறை கொடுத்தார்கள்! 2019 ஆகஸ்டில் அமைச்சராக இருக்கும்போதே போலீஸ் வந்து கூட்டிப்போனது. கடலோடி சொல்கிற சுத்தம் இதுதான்: பெருக்கித் தள்ளி, கதவைத் திறந்து, அதே குப்பையை மறுபடி உள்ளே வைப்பது.

மணிக்கூண்டு:
தெற்குவாசலுக்கு ஒரு தகவல். பாண்டேயின் தண்டனையும் அடுத்த வருஷமே ரத்தானது, மறுவிசாரணையும் 2012-ல் நின்றுபோனது. ரத்தானதற்குக் காரணம் பழிவாங்கல் இல்லை. அதே தலைமை மாஜிஸ்திரேட், பியார்கோவைக் கெடுத்தவர்! அவருடைய சொந்த நிலப் பேரம் ஒன்று சிக்கலாகி, அதைத் தீர்த்துவைத்ததில் அன்றைய அட்டர்னி ஜெனரலின் பங்கும் இருந்தது, அதனால் அவருடைய நடுநிலை மேலேயே சந்தேகம். ஒரு மனிதரின் மனைச் சிக்கலில் நாட்டின் இரண்டு பெரிய வழக்குகள் கவிழ்ந்தன.

கடலோடி:
பியார்கோ பூஜ்யம் என்றீர்களே, மயாமி தீர்ப்பை ஏன் மறைக்கிறீர்கள்? 2023 மார்ச்சில் அங்கே ஜூரி டிரினிடாட் அரசுக்குச் சாதகமாகச் சொன்னது. குவே டங் உட்பட மூன்று பேர் மேல், நஷ்டத்தை மூன்று மடங்காக்கி, மொத்தம் 13 கோடி டாலருக்கு மேல்.

மணிக்கூண்டு:
மறைக்கவில்லை, அது என் வாதத்துக்குத்தான் சாட்சி. சிவில் வழக்கு, அமெரிக்க நீதிமன்றம், 2004-ல் போட்டது. சொந்த ஊரில் முடியாததை மயாமியில் உட்கார்ந்திருந்த ஜூரி முடித்துவைத்தது. அதே விஷயத்தில் இரண்டு தொழிலதிபர்களை ஒப்படைக்கச் சொல்லி அமெரிக்கா கேட்டபோது, டிரினிடாட்டிலேயே விசாரிக்கலாம் என்று சொல்லி 2011 நவம்பரில் அங்குள்ள உயர்நீதிமன்றம் தடுத்தது, அட்டர்னி ஜெனரல் மேல்முறையீடே செய்யவில்லை. அடுத்த ஆகஸ்டில் 34-வது பிரிவு. நீங்களே தேதிகளை அடுக்கிப் பாருங்கள்.

தெற்குவாசல்:
தேதியை அடுக்கினால் ஆதாரம் ஆகிவிடுமா சார்?

மணிக்கூண்டு:
ஆகாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

பேனாக்காரி:
வார்னரை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். அவர் முன்பு தலைவராக இருந்த கான்காகாஃப் (வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கால்பந்துக் கூட்டமைப்பு) கால்பந்துப் பணம் பற்றி அறிக்கை விட்ட சில நாளில் ராஜினாமா, 2013 ஏப்ரலில். ஜூலையில் சகுவானாஸ் மேற்கு இடைத்தேர்தல். தனிக்கட்சி ஆரம்பித்து நின்றார், ஆளுங்கட்சியைத் தோற்கடித்துப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அறிக்கை ஊருக்கே தெரியும். தெரிந்தும் போட்டார்கள்.

கடலோடி:
தொகுதிக்கு ஓடி ஓடி வேலை செய்வார் என்று பேர் எடுத்த மனிதர். ஜனங்களுக்கு ஜூரிக்கில் இருக்கிற ஃபிஃபா ஒரு பக்கம், சாக்கடை அடைப்பு ஒரு பக்கம்.

பேனாக்காரி:
2015 மே மாதம் அமெரிக்கா குற்றப்பத்திரிகை போட்டது. செப்டம்பரில் பொதுத் தேர்தல். அந்தத் தடவை பக்கத்துத் தொகுதியில் நின்றார், தோற்றார். சாக்கடை அதே சாக்கடைதானே கடலோடி?