ஓடுபாதைக் காற்று: ‘கஸ்ட்’டுக்கு என்ன சொல்?

ந. எழுதியது:

வணக்கம். விமானப் பயிற்சி மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓடுபாதை, குறுக்குக்காற்று, பார்வைத்தொலைவு எல்லாம் முடிந்தன. ஒரு சொல் மட்டும் முரண்டு பிடிக்கிறது. சென்னைக்கென்று நான் புனைந்த மாதிரி மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை) வரி இது:

விஓஎம்எம் 150930இசட் 11018ஜி30கேடி 6000

சென்னையின் குறி, 15ஆம் தேதி 0930 உலக நேரம், காற்று, கடைசியில் பார்வைத்தொலைவு மீட்டரில். காற்று 110 பாகையிலிருந்து 18 நாட் (மணிக்கு 18 கடல்மைல்), கஸ்ட், அதாவது நடுவே திடீரென எழுந்து அடங்கும் வேகம், 30 நாட். கஸ்டைக் குறிக்கும் ‘ஜி’க்குப் ‘பலத்த காற்று’ என்று போட்டிருக்கிறேன். ஒட்டவில்லை. ஆலோசனை வேண்டும்.

இரா. எழுதியது:

ஒட்டாதுதான். 40 நாட்டில் சீராக அடித்தாலும் பலத்த காற்றே, ஆனால் அதற்கு ஜி வராது. கடந்த பத்து நிமிடச் சராசரியைவிட உச்சம் 10 நாட்டாவது கூடியிருந்தால்தான் ஜி. ஆகவே 8 நாட் சராசரியில் 18 தொட்டால் அதுவும் ஜி. சொல்லில் வலிமை தெரிய வேண்டியதில்லை, ஏற்ற இறக்கம் தெரிய வேண்டும்.

ஏன் இத்தனை கறார் என்றால், உங்கள் வரியையே எடுங்கள். ஓடுபாதை 07இல் (அதன் திசை 70 பாகை) இறங்கினால் காற்றோடு கோணம் 40 பாகை, சைன் 0.64. சராசரிக்குக் குறுக்குக்காற்று 11.5 நாட், ஜி எண்ணுக்கு 19. செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தின் கையேடு, சோதனையில் இறங்கிக் காட்டிய குறுக்குக்காற்று அளவாகக் கொடுப்பது 15 நாட். 18ஐ மட்டும் பார்த்த மாணவர் இறங்கலாம் என்பார், 30ஐப் பார்த்தவர் ஓடுபாதை 12 கேட்பார். அங்கே கோணம் 10 பாகைதான், 30க்கும் 5 நாட்டைச் சற்றே தாண்டும். இறங்கும் வேகத்திலும் வித்தியாசத்தில் பாதியைக் கூட்டுவது சிறு விமானங்களில் வழக்கம்: 30−18=12, பாதி 6 நாட்.

(மெட்டார் திசை உண்மை வடக்கிலிருந்து, ஓடுபாதை எண்ணும் கோபுரம் சொல்லும் காற்றும் காந்த வடக்கிலிருந்து. சென்னையில் வித்தியாசம் சொற்பம் என்பதால் விட்டுவிட்டேன். கையேட்டில் விடாதீர்கள்.)

செ. எழுதியது:

‘வளி தொழில் ஆண்ட உரவோன்’ என்று புறநானூறு 66 கரிகாலனின் முன்னோனைப் பாடும்போது, நாம் கஸ்ட் கஸ்ட் என்று திணறுவானேன்? எறிவளி. வினைத்தொகை. எறிந்த, எறிகின்ற, எறியும் வளி, மூன்று காலமும் அடங்கிற்று. சூறாவளியே சூறை + வளிதான். சூறை என்றால் கொள்ளை, சூறையாடுதல் அதிலிருந்து வந்தது. தனிச் ‘சூறை’யும் எனக்கு உடன்பாடே. கூடவே, 88ஆம் பக்கத்தில் ‘எதிர்க்காற்று’ என்றிருக்கிறது. எதிர்காலம் போல எதிர்காற்று என்று இயல்பாக வரவேண்டாமா?

கு. எழுதியது:

எதிர்க்கட்சிக்கு வலி மிகும்போது எதிர்க்காற்றுக்கு மிகட்டுமே, ஐயா.

வளிக்கு வருகிறேன். இலங்கைப் பாடநூல்களில் சும்மா இருக்கிற காற்றும் வளிதான், வானிலைக்கு வளிமண்டலவியல் திணைக்களம். எறிவளி என்றால் எங்கள் பிள்ளைகள் பம்பிலிருந்து வெளியேறும் வளி என்று நினைப்பார்கள்.

சொல்லைவிட ஒரு வாக்கியம்தான் என்னை உறுத்துகிறது. ந. அனுப்பிய வரைவின் அட்டவணையில் ‘090: கிழக்கு நோக்கி வீசும் காற்று’ என்றிருக்கிறது. தலைகீழ். மெட்டார் சொல்வது காற்று புறப்படும் திசையை. வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து என்று கடலோடிகளின் பெயர்களும் அப்படித்தான். ‘நோக்கி’ என்று அச்சானால் எதிர்க்காற்று பின்காற்றாகிவிடும். மாணவர் தவறான முனையில் இறங்கி, ஓடுபாதை போதாமல் நிற்பார். அதை முதலில் திருத்துங்கள்.

வா. எழுதியது:

சூறையைத் தொடாதீர்கள், அது ஸ்குவாலுக்கு வேண்டும். வேகம் திடீரென 16 நாட்டாவது கூடி, 22ஐயாவது எட்டி, ஒரு நிமிடமாவது நீடித்தால் அது ஸ்குவால். கஸ்ட் சில நொடியில் அடங்கிவிடும். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் இடிமழை அறிக்கை படிப்பவருக்கு வினையாகும்.

சொல் ஏற்கெனவே நம் காதில் இருக்கிறது. புயல் அறிவிப்பில் ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்’ என்று வாசிப்பார்களே, அந்த ‘இடையிடையே’தான் ஜி. அதை வைத்து இடைவீச்சு என்று கட்டலாம்.

செ. எழுதியது:

பள்ளி இயற்பியலில் வீச்சு என்பது அலையின் உயரம். அதை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? தவிர, இடைவீச்சு என்றால் இடுப்பில் விழுந்த அடி என்றும் பொருள்படும்.

இரா. எழுதியது:

இடுப்பை விடுங்கள், அலையின் உயரம் நியாயமான பயம். ஜி30 என்பது 18க்கு மேல் 30 அன்று, மொத்தமே 30. அலைவீச்சு நினைவில் இருப்பவர் 48 என்று கூட்டிவிடுவார். அதனால் உச்சவீச்சு என்பேன்.

வா. எழுதியது:

உச்சம் என்றால் அன்றைய நாளின் உச்சமா, பத்து நிமிடத்தின் உச்சமா? நாளின் பெருங்காற்று வேறு பதிவேட்டில் ஏறும். இடைவீச்சே இருக்கட்டும், பக்கத்தில் ‘கூட்டாதே’ என்று போடுங்கள்.

கு. எழுதியது:

வாவின் சொல்லுக்கு என் வாக்கு. இரண்டு கரையிலும் விளங்கும்.

ந. எழுதியது:

நேரமில்லை. கு., வா. இருவரோடு நானும் சேர்ந்து மூன்று வாக்கு: இடைவீச்சு. பெட்டிச்செய்தியாக ‘18 சராசரி, 30 அதன் நடுவே தொட்ட மொத்த வேகம், கூட்டாதே’. அடைப்புக்குள் கஸ்ட். ‘நோக்கி’ எல்லாம் ‘இலிருந்து’ ஆகிவிட்டது. எதிர்க்காற்று ஒற்றோடுதான் போகிறது.

செ. எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அடுத்த பதிப்பில் எறிவளி. அதோடு, மெட்டாரில் திசை எண்ணுக்குப் பதில் வரும் விஆர்பி என்ற குறிக்கு ‘மாறும் காற்று’ என்று போட்டிருக்கிறீர்கள். மாறுவது காற்றா, திசையா?

இரா. எழுதியது:

திசைதான். 3 நாட்டுக்குக் குறைந்த காற்றில் திசை 60 பாகைக்கு மேல் அலைந்தால் பெரும்பாலும் அதுதான் வரும். ‘திசைமாறி’ என்று போடலாமா?

செ. எழுதியது:

அது ஊர்சுற்றியைத் திட்டுவது போலிருக்கிறது. வேறு சொல்லுங்கள்.