லைவ் ஆக்‌ஷன் ரீமேக்: 'மெய்ந்நடிப்பு வழிப்படம்' எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

'லைவ் ஆக்‌ஷன் ரீமேக்' (வரைந்து எடுத்த அசைவூட்டப் படத்தை நிஜ நடிகர்களை வைத்து மீண்டும் எடுப்பது) என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு இந்த இழை தொடங்கியதிலிருந்து வந்த பரிந்துரைகளை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். 'நேரடி நடவடிக்கை' என்றதும் காவல்துறைதான் நினைவுக்கு வருகிறது. 'நிஜப்படம்' என்றால் ஆவணப்படம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'உயிர்ப்படம்' காதுக்கு இனிமைதான். ஆனால் வரைந்த படத்துக்கு உயிர் இல்லை என்று அது சொல்லாமல் சொல்கிறது. 1937-இல் வந்த 'ஸ்னோ ஒயிட்'டுக்காக மார்ஜ் சாம்பியன் என்ற நடனக்காரரை ஆடவைத்துப் படம்பிடித்து, பாவாடை சுழல்வதையும் கை தாழ்வதையும் பார்த்துப் பார்த்துத் தாளில் இறக்கினார்கள். அந்த உழைப்பை உயிரற்றது என்று குறிக்கும் ஒரு சொல்லுக்கு நான் கைதூக்க மாட்டேன்.

மிஞ்சியது 'ஆள்நடிப்பு'. முன்வைத்த அம்மையாருக்கு நன்றி. இது பேச்சிலிருந்து வந்த சொல். படம் போடும் முன் என் அக்கா மகள் கேட்பதே, "மாமா, இது பொம்மைப் படமா, ஆளுங்க நடிச்சதா?" என்றுதான். இரண்டு நாள் இந்தச் சொல்லின் பக்கமே நின்றேன். பிறகு '101 டால்மேஷன்ஸ்' நினைவுக்கு வந்தது. 1961-இல் வரைந்து எடுத்ததை 1996-இல் நிஜ நாய்களை வைத்து எடுத்தார்கள். நாய் ஆள் இல்லையே. ஆனால் அதற்கும் உடம்பு இருக்கிறது, அது கேமராவுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

அப்படித்தான் 'மெய்' என்ற சொல்லுக்கு வந்தேன். மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. நமக்கு இந்த இரண்டு பொருளும் வேண்டும். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டையும் அடுக்கினார். நடிப்புக்கு இதைவிட நெருங்கிய வேர் நம்மிடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே மெய்ந்நடிப்பு. நகர ஒற்று எதற்கு என்று சிலர் கேட்கலாம். தனிக்குறிலை அடுத்து வரும் யகர ஒற்றின் பின் மெல்லெழுத்து மிகலாம் என்று நன்னூல் இடம் தருகிறது. மெய்ந்நூல், மெய்ஞ்ஞானம் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

'மெய்நிகர்' ஏற்கெனவே வேறு பொருளில் (கணினி காட்டும் மெய்போன்ற தோற்றம்) புழங்குகிறதே, குழப்பம் வராதா என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 2019-இல் வந்த 'தி லயன் கிங்'கை எடுத்துக்கொள்வோம். அதைத் திரும்பத் திரும்ப லைவ் ஆக்‌ஷன் என்றே எழுதினார்கள். இயக்குநர் ஜான் ஃபாவ்ரோ சொன்னபடி, அதில் உண்மையாகக் கேமரா வைத்து எடுத்தது ஒரே ஒரு காட்சித் துண்டு, ஆப்பிரிக்காவில் பிடித்த தொடக்கச் சூரியோதயம். மற்றதெல்லாம் கணினியில் பிறந்தவை. படக்குழுவினர் தலையில் மெய்நிகர்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கணினிக்குள் கட்டிய புல்வெளியில் நடந்து திரிந்து கோணம் தேர்ந்தார்கள். கோல்டன் குளோப் விருதுக்காரர்கள் அதை அசைவூட்டப் படங்களின் பட்டியலில்தான் வைத்தார்கள். அந்தச் சிங்கம் மெய்நிகர், மெய்ந்நடிப்பு அன்று. ஆங்கிலச் சொல் மழுப்பிவிடுகிற இந்த வேறுபாட்டைத் தமிழில் ஒரு சொல்லிலேயே காட்டிவிடலாம். இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நமக்கு வசதிதான் என்பேன்.

கடினமான இடம் 2017-இன் 'பியூட்டி அண்டு தி பீஸ்ட்'. மிருகமாக நடித்த டேன் ஸ்டீவன்ஸ் உடம்பைப் பருமனாக்கும் சாம்பல் நிற உடையை மாட்டி, பொய்க்கால் கட்டி நின்று எம்மா வாட்சனோடு நடனமே ஆடினார். முக உணர்ச்சிகளைத் தனியாக நடித்துக் கொடுத்தார். கணினி இரண்டையும் சேர்த்து மேலே ரோமம் போர்த்தியது. திரையில் தெரியும் தோல் அவருடையது இல்லை. ஆனால் வெகுளியும் அழுகையும் அவர் மெய்யில் பட்டவை. மெய்ப்பாடு அவருடையது என்பதால் இதை மெய்ந்நடிப்பில் சேர்ப்பேன். மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், உண்மையாகவே கேட்க விரும்புகிறேன்.

அடுத்தது 'ரீமேக்'. மறுஆக்கம், மீளுருவாக்கம் இரண்டிலும் பிழையில்லை. ஆனால் நம் வழக்கில் ரீமேக் என்றாலே தெலுங்குப் படத்தைத் தமிழில் எடுப்பதுதான் முதலில் மனத்தில் வரும். இங்கே மாறுவது மொழியன்று, ஊடகம். இதற்கு வெளியே எங்கும் போக வேண்டாம், நம் இலக்கணத்திலேயே முதல்நூல், அதன் முடிபை ஒத்து வரும் வழிநூல், சிறிதே ஒத்துப் பெரிதும் வேறுபடும் சார்புநூல் என்ற பகுப்பு ஆயத்தமாக இருக்கிறது. "முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி" வருவது வழிநூல் என்கிறது நன்னூல். இந்தப் படங்களை நினைத்தே எழுதியதுபோல் இல்லையா? ஆகவே வழிப்படம் என்று வைக்கலாம்.

இதில் 'முடிபு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் ஒரு சோதனையும் கிடைக்கிறது. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837-இல் எழுதிய 'தி லிட்டில் மெர்மெய்ட்' கதையில் இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான், கடற்கன்னி நுரையாய்க் கரைந்து காற்றின் மகள்களோடு சேர்கிறாள். 1989 அசைவூட்டப் படத்தில் திருமணம். 2023 படத்திலும் அதே திருமணம். அப்படியானால் 2023 படத்துக்கு மூலம் ஆண்டர்சன் கதை அல்ல, 1989 படம். 'சிண்ட்ரெல்லா'வும் அப்படித்தான். பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-இல் எழுதியதில் எலிகளுக்குப் பெயர் கிடையாது. 1950 படம் ஜாக், கஸ் என்று பெயர் வைத்தது. கென்னத் பிரானாவின் 2015 படத்திலும் கஸ் என்ற எலி அதே பெயரோடுதான் வருகிறது. ஓர் எலியின் பெயர் போதும், வழி எது என்று காட்ட.

2014-இல் வந்த 'மெலஃபிசென்ட்' இந்தச் சோதனையில் தேறாது. 1959-இன் 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் இளவரசனின் முத்தம் சாபத்தைத் தீர்க்கிறது. இதிலோ சாபமிட்டவளின் முத்தமே தீர்க்கிறது. முடிபே வேறு. ஆகவே அதைச் சார்புப்படம் என்று தனியே பிரிக்க வேண்டும். 'ரீமேக்' என்ற ஒற்றைச் சொல்லால் இந்தப் பிரிவைச் சொல்ல முடியாது.

'ஃபேரி டேல்' பற்றி ஒரு வரி மட்டும்: 'தேவதைக் கதை' வேண்டாம். ஸ்னோ ஒயிட் கதையில் தேவதையே இல்லை. எனக்கு 'மாயக்கதை' போதும். அதை வேறு இழையில் பேசுவோம்.

பதிவுக்கான என் வரைவு:

மெய்ந்நடிப்பு வழிப்படம் (பெயர்ச்சொல்): முன்பு அசைவூட்டமாக வந்த படத்தின் முடிபை ஒத்து, மனிதரோ விலங்கோ தம் உடம்பால் நடிக்க எடுக்கப்படும் படம். எ.கா.: "2015-இன் 'சிண்ட்ரெல்லா' ஒரு மெய்ந்நடிப்பு வழிப்படம்."

பேச்சில் 'ஆளுங்க நடிச்சது' அப்படியே இருக்கட்டும். அக்கா மகளிடம் நானும் அப்படித்தான் சொல்வேன்.

அன்புடன்.