லூயி லூயி: வெறும் பில்டப்பா, நிஜமாவே பெரிய பாட்டா?

டிரம்ஸ்பாய்: அமெரிக்காவோட போர்ட்லண்ட் பேண்ட் கிங்ஸ்மென்னோட லூயி லூயி பாட்டு (1963) ராக் வரலாற்றையே மாத்துச்சாம். மூணே கார்ட் (chord), என்ன பாடுறான்னு ஒரு எழவும் புரியல. அமெரிக்க புலனாய்வு அமைப்பு எஃப்பிஐ வரிகள்ல ஆபாசம் இருக்கான்னு விசாரிக்கலேன்னா எவனுக்கும் ஞாபகமே இருந்திருக்காது.

பழையஎல்பி: தேதிய பாருங்க தல. அமெரிக்க ஹிட் பட்டியல் பில்போர்டுல 2வது இடம் வந்தது 1963 டிசம்பர்ல, அப்போ அட்டர்னி ஜெனரலா இருந்த ராபர்ட் கென்னடிக்கு புகார் லெட்டர் போனது 1964ல. எஃப்பிஐயும் வருஷக்கணக்கா ரெக்கார்ட் ஓடுற ஸ்பீட மாத்தி மாத்தி கேட்டுட்டு எந்த ஸ்பீட்லயும் புரியலன்னு ஃபைல மூடிட்டான். இத்தனைக்கும் பாட்டு என்னன்னா காதலிய பாக்க கப்பல்ல ஜமைக்கா போறவன் பாடுறது, அவ்ளோதான்.

டிரம்ஸ்பாய்: ரெக்கார்டிங் எவ்ளோ மோசம்னு சொல்லுங்க. கிட்டார் சோலோ முடிஞ்சதும் பாடகர் ஜாக் ஈலி அவசரப்பட்டு உள்ள வந்து டக்குனு நிறுத்துறாரு, டிரம்மர்தான் ஒரு ரோல் போட்டு சமாளிக்கிறான். அத அப்படியே ரிலீஸ் பண்ணிருக்காங்க.

பழையஎல்பி: அதேதான் விஷயம் ப்ரோ, பின்னாடி வந்த சில பேண்டுங்க அந்தத் தப்பயும் சேர்த்தே வாசிச்சாங்க. பால் ரிவியர் அண்ட் த ரைடர்ஸ்னு இன்னொரு பேண்ட் அதே போர்ட்லண்ட் ஸ்டூடியோல அதே ஏப்ரல்ல இதே பாட்ட சுத்தமா வாசிச்சு ரெக்கார்ட் பண்ணாங்க, ஆனா நாடு பூரா ஓடுனது எது?

சாசாபிரியன்: பாட்டு எழுதுன ரிச்சர்ட் பெர்ரி பேர ரெண்டு பேருமே சொல்லல. லாஸ் ஏஞ்சலஸ் கறுப்பினப் பாடகர், 1955ல எழுதி 57ல ரிலீஸ் பண்ணி கல்யாணச் செலவுக்கு 750 டாலருக்கு உரிமைய வித்துட்டாரு, 80கள்லதான் ராயல்டிக்கு வழி பிறந்துச்சு. பாட்டுல திரும்பத் திரும்ப வர்ற அந்த ரிஃப்பும் கியூபா இசைக்கலைஞர் ரெனே தூசேயோட எல் லோகோ சா சா பாட்டுலருந்து எடுத்தது. கியூபாக்காரன் சொத்துக்கு போர்ட்லண்ட் பசங்களுக்கு எதுக்கு மாலை?

பழையஎல்பி: வேரு அதுதான், மறுக்கல. ஆனா பெர்ரி வெர்ஷன் வழுவழுன்னு இருக்கும், அத கேட்டு எந்தப் பையனும் கிட்டார் தூக்கல. 61ல அமெரிக்காவோட டகோமா பக்கம் ராக்கின் ராபின் ராபர்ட்ஸ்னு ஒரு பாடகர் கத்திப் பாடுனாரு பாருங்க, அங்க மாறுனது. கிங்ஸ்மென்ன கேட்டவனுக்குத்தான் இத நாமளே வாசிக்கலாமேன்னு தோணுச்சு. 83ல கலிஃபோர்னியா காலேஜ் ரேடியோ கேஎஃப்ஜேசி இதோட 800க்கு மேல வெர்ஷன விடாம போட்டுச்சு.

டிரம்ஸ்பாய்: ஈஸியா வாசிக்க வந்தா அதுக்குப் பேரு தாக்கமா? அப்ப ஹேப்பி பர்த்டேவும் ராக் கிளாசிக்தான்.

பழையஎல்பி: ஹேப்பி பர்த்டே கேட்டுட்டு எவனும் கிட்டாருக்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்க ஓடலயே.

சாசாபிரியன்: ஆம்ப் வித்தவனுக்கும் காசு வந்துச்சு, பெர்ரிக்குத்தான் 30 வருஷம் ஆச்சு.