ரோடுமேப் ஏப்ரலைத் தாண்டுறதே இல்லை. எங்கே தப்பு பண்றேன்?

பில்லிங்_கோவை கேட்டது:

வணக்கங்க. கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்யறோம். டெவலப்பர் 4 பேர், டெஸ்டிங் ஒருத்தர், சப்போர்ட் ஒருத்தர், அப்புறம் நான். ரோடுமேப், அதாவது எந்த வசதியை எப்போ செய்யறதுங்கற திட்டம், என் பொறுப்பு.

ஜனவரியில உட்கார்ந்து 12 மாசத்துக்கும் எக்செல்ல கட்டம் போட்டுடறேன். ஏப்ரல்ல பாதிக் கட்டம் சிவப்பாயிடுது. ஜூனுக்கு அப்புறம் அந்த ஃபைலை யாரும் திறக்கறதே இல்லை. ரெண்டு வருஷமா இப்படித்தான் போகுது.

2025 செப்டம்பர்ல நடந்ததைச் சொல்றேன். 3ஆம் தேதி ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் புது வரி விகிதத்தை அறிவிச்சாங்க. 22ஆம் தேதி அமல். கையில 19 நாள். ரெடிமேட் துணிக்கு 5 சதவீத வரம்பு ஒரு உருப்படிக்கு 1,000 ரூபாயில இருந்து 2,500 ஆச்சு, அதுக்கு மேல 12 சதவீதம் 18 ஆச்சு. எங்க புரோகிராம் கோடுல 1,000ங்கற எண்ணை அப்படியே 11 இடத்துல எழுதி வெச்சிருந்தோம். தேடித் தேடி மாத்தினோம். மத்த வேலை மொத்தமும் நின்னு போச்சு.

தீபாவளி முடிஞ்சு ஈரோட்டுல இருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் போன் பண்ணினார். "தம்பி, மென்பொருள்ல குடோன் ஸ்டாக் வசதி ஆகஸ்ட்ல வரும்னு உங்க ஆளு குடுத்த தாள் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில இருக்குது. வியாபாரமே முடிஞ்சு போச்சே"ன்னார். கோபமே படலை, அதுதான் இன்னும் உறுத்துது. என் எக்செல்லை விற்பனைப் பையன் பிரிண்ட் எடுத்துக் குடுத்திருக்கான்.

திட்டம் போடற முறையில கோளாறா, இல்லை எங்க வேகம் பத்தலையா?

பழைய_டெஸ்டர்:

வேகத்தைப் பத்தி இப்போ முடிவு பண்ணாதீங்க. கடைசி 12 வாரத்துல 4 டெவலப்பரோட நாளும் எதுக்குப் போச்சுன்னு எண்ணிப் பாருங்க. ஞாபகத்துல இருந்து வேண்டாம், ஒவ்வொரு வேலைக்கும் பதிவு போடுவீங்களே, அந்த டிக்கெட்டைத் திறந்து எண்ணுங்க. ரோடுமேப் வேலை, பிழை திருத்தம், ஒரு கடைக்கு மட்டும் செஞ்சது, லீவு. இந்த நாலும் போதும்.

பில்லிங்_கோவை:

ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 240 நாள். ரோடுமேப் வேலை 96. பிழையும் சப்போர்ட்டும் 84. தனிக் கடைகளுக்குச் செஞ்சது 38. லீவு 22. நான் திட்டம் போட்டது 240க்கும்.

பழைய_டெஸ்டர்:

அப்போ உங்க ஆளுங்க மேல ஒரு குறையும் இல்லை. நூத்துக்கு நாற்பது நாள்தான் கையில இருக்கு, நூறு இருக்கிற மாதிரி எழுதியிருக்கீங்க. அடுத்த காலாண்டுக்கு 96 நாளுக்கு மேல ஒரு வேலையையும் உள்ளே விடாதீங்க. அந்த 38ஐயும் கொஞ்சம் கவனிங்க. மூணு கடை ஒரே விஷயத்தை வேற வேற வார்த்தையில கேட்டிருப்பாங்க, நீங்க மூணு தடவை தனித்தனியா செஞ்சிருப்பீங்க.

கணக்கு_அக்கா:

நான் பதினைந்து ஆண்டுகளாகக் கணக்கு மென்பொருளில் இருக்கிறேன். தம்பி, உங்கள் எக்செல்லில் மூன்று வகைத் தேதிகள் ஒரே நிறத்தில் கிடக்கின்றன. சட்டம் வைத்த தேதி, வாடிக்கையாளருக்கு எழுத்தில் கொடுத்த தேதி, நம் ஊகம். படிப்பவருக்கு மூன்றும் வாக்குறுதியாகத்தான் தெரியும்.

இ-இன்வாய்ஸை, அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் முறையை, நினைத்துப் பாருங்கள். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. 2021இல் 100 கோடி, பிறகு 50 கோடி. 2022இல் 20, பிறகு 10. 2023 ஆகஸ்ட் 1இல் 5 கோடி. அடுத்த தேதி எது என்று எங்களுக்கும் தெரியாது, ஆனால் வரம்பு இறங்குகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. அதனால் 50 கோடி வந்தபோதே வரம்பைப் புரோகிராமுக்குள்ளிருந்து எடுத்து அமைப்புப் (செட்டிங்ஸ்) பக்கத்தில் வைத்துவிட்டோம். பிறகு வந்த ஒவ்வொரு மாற்றமும் எங்களுக்கு ஒரு மதிய வேலையாகிவிட்டது.

உங்கள் வரி விகிதத்துக்கும் இதையே செய்யுங்கள்: பொருள், விலை வரம்பு, விகிதம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு அட்டவணை. செப்டம்பர் 22க்கு முன் விற்ற சட்டை திரும்பி வந்தால் அதற்கு வரவு வைக்கும் சீட்டான கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான் போக வேண்டும். எண்ணை மட்டும் மாற்றியிருந்தால் அங்கே தப்பாகும், இன்றே சோதித்துப் பாருங்கள். இந்த வேலையை ரோடுமேப்பில் முதல் வரியாகப் போடுங்கள். வாடிக்கையாளர் கண்ணில் படாத வேலை என்று தள்ளித் தள்ளித்தான் அந்த 19 நாள் போயிற்று.

மற்றவற்றுக்கு மாதக் கட்டமே வேண்டாம். இப்போது, அடுத்து, பிறகு என்று மூன்று பத்தி. வெளியே கொடுக்கும் தாள் தனி. அதில் சட்டத் தேதியைத் தவிர வேறு தேதி இருக்கக் கூடாது.

மதுரை_டீலர்:

அக்கா சொல்றதுல கடைசி வரியை மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன். நான் கடைகளுக்கு மென்பொருள் விக்கிறவன். ஜவுளிக்கடைக்காரர் தீபாவளியை வெச்சுத்தான் வருஷத்தையே எண்ணுறாரு. "பிறகு"ன்னு எழுதின தாளைக் கொடுத்தா வாங்கிப் பாத்துட்டு அடுத்த கம்பெனிக்குப் போயிடுவாரு. கையில எடுத்து பாதி முடிஞ்ச வேலைக்காவது தேதி சொல்லுங்க. ஏப்ரல் 1ஆம் தேதி பில் நம்பர் வரிசை புதுசா தொடங்கணும், அதுக்கும் தேதி வேணும். தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடி எந்த அப்டேட்டும் அனுப்பாதீங்க, கூட்ட நேரத்துல பில் நின்னா கடையில எங்க மானம் போகுது.

கணக்கு_அக்கா:

நீங்கள் சொல்வது சரி. டெஸ்டிங்குக்குள் போன வேலைக்குத் தேதி சொல்லலாம், அதற்கு முன்னால் வேண்டாம். கோவைத் தம்பி, அந்த ஈரோட்டுக்காரர் மறுபடி கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள். குடோன் ஸ்டாக் அவருக்கு எதற்கு என்று கேட்டீர்களா?

பில்லிங்_கோவை:

கேட்கவே இல்லைங்க அக்கா. நேத்து பஸ் ஏறி நேராவே போயிட்டேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில தாள் அப்படியே இருந்தது, ஆகஸ்ட் வரியில நீல மையில சுழி போட்டிருந்தார். குடோன்ல இருந்து கடைக்கு மூட்டை போகும்போது கூடவே போற டெலிவரி சலானை நோட்டுல கையால எழுதறாங்க, மாசக் கடைசியில கணக்கு ஒத்து வர்றதில்லை. அவருக்கு வேண்டியது அந்தச் சலான் மட்டும்தான். நாங்க போட்ட குடோன் திட்டம் 60 நாள் வேலை. சலான் 8 நாள்.

கிரெடிட் நோட்டும் சோதிச்சேன், அக்கா சொன்ன மாதிரியே தப்பா போகுது. "இப்போது" பத்தியில வரி அட்டவணை முதல்ல, சலான் ரெண்டாவது. டெஸ்டிங்குக்குப் போனதும் தேதி சொல்றேன்னு அவர்கிட்ட சொன்னேன். "சரி"ன்னு கண்ணாடியைத் தூக்கிப் பழைய தாளை எடுத்து என் கையில குடுத்தார்.

விற்பனைப் பையனை வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல சேர்த்துட்டேன். புதுத் தாள் இன்னும் 4 கடைக்குப் போய்ச் சேரணும்.