மறு: ஃபிளானுக்கு என்ன சொல்? கவிழ்களியும் மாவோட்டுக்களியும்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

பாரிஸில் நல்ல ஃபிளான் எங்கெங்கே கிடைக்கும் என்று தமிழில் கையேடு எழுதும் தங்கச்சி, அந்தப் பண்டத்துக்கு ஒரு சொல் கேட்டிருந்தார். வந்த பதில்கள் எல்லாவற்றையும் படித்தேன். எல்லோரும் ஒரு பண்டத்துக்கு ஒரு சொல் தேடுகிறோம். ஆனால் அவர் தெருத்தெருவாகத் தேடப்போவது இரண்டு பண்டங்களை. அதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பாரிஸ் வெதுப்பகங்களின் கண்ணாடிப் பெட்டியில் முக்கோணத் துண்டாக வெட்டி வைத்திருப்பது ஒன்று. அடியிலும் சுற்றிலும் மாவால் செய்த ஓடு. உள்ளே பால், முட்டை, சீனி, வனிலா, சோளமா சேர்த்துக் காய்ச்சிய கலவை. மேலே அங்கங்கே கருகிய புள்ளிகள். கையில் பிடித்துக்கொண்டே சாப்பிடலாம். மற்றது ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் கியூபாவிலும் பிலிப்பைன்சிலும் ஃபிளான் எனப்படுவது. அச்சின் அடியில் சீனிப்பாகு, அதன் மேல் முட்டையும் பாலும். வெந்து ஆறிய பிறகு தட்டில் கவிழ்ப்பார்கள். பிரெஞ்சுக்காரர் கிரெம் கரமெல் என்பது இதைத்தான். நாங்கள் இங்கே கலியாண விருந்தில் கரமல் புடிங் என்று சாப்பிடுவதும் இதுதான். ஆக, பாரிஸில் ஸ்பானியச் சாப்பாட்டுக் கடையில் ஃபிளான் கேட்டால் கவிழ்த்தது வரும். பக்கத்து வெதுப்பகத்தில் அதே சொல்லைச் சொன்னால் ஓட்டோடு வரும். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இறங்கிக் கடைக்குப் போகிறவர் கையேட்டை நம்பி ஒன்றைக் கேட்டு மற்றதை வாங்கக்கூடாது.

இரண்டும் வேகும் முறையும் வேறு. கவிழ்ப்பதை இறுக்குவது முட்டை மட்டுமே. பாலும் சீனியும் கலந்த முட்டை ஏறக்குறைய 80 முதல் 85 பாகை செல்சியசில் இறுகும். அதைத் தாண்டினால் திரைந்துவிடும். அதனால்தான் அச்சைத் தண்ணீர்த் தட்டில் வைத்து வேகவிடுகிறார்கள். கனலடுப்பு எவ்வளவு சூடாக இருந்தாலும் தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது. ஓட்டோடு இருப்பதில் சோளமா சேர்வதால் கொதித்தாலும் எளிதில் திரையாது. சொல்லப்போனால் கொதிக்கத்தான் வேண்டும்: மஞ்சட் கருவில் மாப்பொருளை உடைக்கும் அமிலேசு என்ற நொதியம் இருக்கிறது, நன்றாகக் கொதிக்கவிட்டு அதைச் செயலிழக்கச் செய்யாவிட்டால் கலவை பிறகு இளகிவிடும். இறுக்கும் பொருளே வேறாக இருக்கும்போது ஒரே பெயரை ஏன் போட வேண்டும்?

இனி வந்த யோசனைகளுக்கு வருகிறேன்.

> கஸ்ரட் என்றே போடலாமே, எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும்தான், ஆனால் பிழையாக விளங்கும். எங்கள் ஊரில் கஸ்ரட் என்றால் பேணியில் வரும் மஞ்சள் தூளைப் பாலில் கரைத்துக் காய்ச்சிப் பழத் துண்டுகளின் மேல் ஊற்றுவது. பேர்மிங்காமில் அல்பிரட் பேர்ட் 1837இல் அந்தத் தூளைச் செய்ததே, மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் முட்டையில்லாமல் ஒன்று வேண்டும் என்றுதான். முட்டையால் இறுகும் பண்டத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

> முட்டைப் பாற்கட்டி?

இலங்கையில் பாற்கட்டி என்றால் சீஸ். இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

> நம்மிடம் வட்டிலப்பம் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். நல்ல சொல், வட்டிலில் அவித்த அப்பம் என்று பிரிந்தே பொருள் தருகிறது. ஆனால் அது ஏற்கெனவே ஒரு பண்டத்தின் பெயர். தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி அல்லது பனங்கட்டி, ஏலக்காய், சாதிக்காய் சேர்த்து ஆவியில் அவிப்பது. இலங்கை முஸ்லிம் வீடுகளில் நோன்புப் பெருநாளுக்கு இல்லாமல் இருக்காது. யாழ்ப்பாணத்து முஸ்லிம் பகுதியான சோனகதெருவில் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவரிடம் கிரெம் கரமெலைக் காட்டி இதுவும் வட்டிலப்பம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது. கருப்பட்டி கலவை முழுவதும் கரைந்திருப்பதால் வட்டிலப்பம் உள்ளும் புறமும் ஒரே கபில நிறம். ஃபிளானில் உடல் வெளுப்பு, பாகு தனி.

அதைவிட முக்கியமானது தரம் பார்க்கும் முறை. வட்டிலப்பத்தை வெட்டும்போது உள்ளே சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தால் நன்றாக வந்திருக்கிறது என்று மகிழ்வோம், பாகு அந்தத் துளைகளில் ஊறி நிற்கும். கிரெம் கரமெலில் அதே துளைகள் பெரும்பாலும் குறை. சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். நல்ல ஃபிளானைத் தேடும் கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயரைப் போட்டால் வாசகர் துளை நிறைந்த ஒன்றைத் தேடிப் பிடித்துப் பாராட்டிவிட்டு வருவார்.

சரி, என் முன்மொழிவு. தொண்ணூறுகளில் இங்கே பேக்கரிக்கு வெதுப்பகம், ஐஸ்கிறீமுக்குக் குளிர்களி என்று பெயர்ப்பலகை எழுதினார்கள். வெதுப்பகம் நிலைத்துவிட்டது. பேச்சில் ஐஸ்கிறீமே நின்றாலும் குளிர்களி என்றால் இன்றும் கேட்டவுடன் விளங்குகிறது. குளிர்களி வினைத்தொகை. அதே அச்சில், கவிழ்த்துப் பரிமாறும் ஃபிளானைக் கவிழ்களி என்போம். மென்மையாக இறுகியது, கவிழ்ப்பது என்ற இரண்டு பண்பும் அதில் வந்துவிடுகின்றன. மாவோட்டில் வெதுப்புவதற்கு மாவோட்டுக்களி. முதலில் ஓட்டுக்களி என்று சுருக்கமாக வைக்கத்தான் தோன்றியது. முட்டைப் பண்டம் ஆனதால் முட்டை ஓடு நினைவுக்கு வரும், அதனால் மா சேர்ந்தது.

களி என்றால் சிறைச் சாப்பாடு நினைவுக்கு வரும் என்று சென்னை நண்பர் தயங்குகிறார். திருவாதிரைக் களி தித்திப்புத்தானே ஐயா? எங்கள் பக்கம் பெரிய பிள்ளையான பெண்ணுக்கு உளுத்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள். களிக்கு எங்கள் வீடுகளில் மரியாதை உண்டு.

கரமலுக்குக் கருக்குபாகு சரியாக இருக்கும். இதுவும் வினைத்தொகை, ஆகவே ‘கருக்குப்பாகு’ என்று வலி மிகக்கூடாது. கருகிப்போன பாகு என்று தப்பாக நினைக்கமாட்டார்களா என்று அக்கா கேட்டிருந்தார். கருகுவது தானாக நடப்பது, கருக்குவது நாம் செய்வது. கேக்குக்குச் சீனியைக் கருக்கி ஊற்றுவது என்றுதான் இங்கே அம்மாக்கள் சொல்கிறார்கள். சீனி 160 பாகையைத் தாண்டி நிறம் மாறத் தொடங்கியதும் இலேசான கைப்பு ஏறும். அந்தக் கைப்பு இல்லாத பாகு வெறும் தித்திப்பு, நல்ல கவிழ்களிக்கு அது போதாது.

கையேட்டுக்குச் சுவை சொல்லும் சொற்களும் தேவைப்படும். அவற்றைப் புதிதாக ஆக்க வேண்டாம், சமையலறையில் இருப்பதை எடுத்தாலே போதும். தட்டை அசைத்தால் ஆடுவது தளதளப்பு. தயிரைப் போலத் தண்ணீர் பிரிந்து நிற்பது நீர்விடுதல். சூடு கூடிக் குறுணி குறுணியாகப் போவது திரைதல். முட்டை மணம் தூக்கலாக இருந்தால் வெடில். தமிழ்நாட்டு நண்பர்கள் கவிச்சி என்பார்கள், இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். கெட்டியாவதற்கு இறுகல் என்கிறேன், உறைதல் வேண்டாம். குளிர்களி இருக்கிற பட்டியலில் உறைதல் என்றால் குளிரில் உறைவது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஃபிளான் என்ற ஒலிபெயர்ப்பையும் விட்டுவிட முடியாது. கடைப் பலகையில் இருப்பது அதுதானே. ஆய்தத்தை மட்டும் கட்டாயம் போடுங்கள். பிளான் என்று எழுதினால் நாம் நாள்தோறும் போடும் திட்டமாகிவிடும். கடையின் பெயருக்குக் கீழே ‘ஃபிளான் – மாவோட்டுக்களி’ அல்லது ‘ஃபிளான் – கவிழ்களி’ என்று ஒரு வரி இருந்தால் வாசகர் வாசலிலேயே தெரிந்துகொள்வார்.

தங்கச்சிக்கு ஒரு வேண்டுகோள். பிரெஞ்சுக் கரிபியன் தீவுக்காரர் தேங்காய்ப்பாலில் செய்யும் ஃபிளான் கொக்கோ பாரிஸில் அவர்களுடைய உணவுக்கடைகளில் கிடைக்கும். கருக்குபாகு ஊற்றிக் கவிழ்ப்பதுதான், ஆகவே கவிழ்களி வகையில் சேரும். தேங்காய்க் கவிழ்களி என்று தனித் தலைப்புக் கொடுங்கள். வட்டிலப்பம் தெரிந்த எங்கள் ஆட்கள் முதலில் அதைத்தான் தேடிப்போவார்கள்.

மாவோட்டுக்களி கொஞ்சம் நீளம் என்பது எனக்கும் தெரிகிறது. அதைவிடக் குறுகிய, முட்டை ஓட்டோடு குழம்பாத சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். கவிழ்களியையும் கருக்குபாகுவையும் மாற்ற வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதினால் நல்லது.